அறைய வந்தார்கள், விசாரிக்க வரவில்லை

2017 ஏப்ரல் 11 அன்று திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்துப் பெண்கள் டாஸ்மாக் கடை வேண்டாம் என்று சாலையில் இறங்கினார்கள். கூடுதல் காவல் கண்காணிப்பாளர் ஒருவர் ஒரு பெண்ணின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. அறைந்தவருக்குப் பின்னாளில் பதவி உயர்வும் கிடைத்தது.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட, மூடிய கடைகளுக்கு ஊருக்குள் இடம் தேடி அலைந்தது அரசு. சனிக்கிழமைச் சம்பளம் வீடு வந்து சேருமா, திங்கட்கிழமை பிள்ளை பள்ளிக்கூடம் போகுமா என்ற கவலை இருக்கிற ஊரில் கடை எதிர்ப்புக்குத் தனி விளக்கம் தேவையில்லை. அந்தக் கவலைக்கு அரசு அனுப்பிய பதில் தடியும் கையும்தான். அதற்குப் பிறகாவது விசாரிக்க வேறு ஆள் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சோமனூர், சாமளாபுரம் பக்கம் பல வீடுகளில் சுவருக்கு அந்தப்புறமே தறி ஓடுகிறது. அப்பாவுக்கு நைட் ஷிப்ட். அம்மா பகலில் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டப் போகிறார். பள்ளி விட்டு வரும் பையன் பையை நூல் மூட்டை மேல் போட்டுவிட்டுத் தறிக்குத் தார்க்குச்சி எடுத்துக் கொடுக்கிறான். பாவு பிணைக்க ஆள் வராத நாளில் அவனுக்குப் பள்ளிக்கூடம் லீவு. ஒரு நாள் ஒரு வாரமாகும். அரையாண்டுத் தேர்வு வரும்போது வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே வெறும் கோடு.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், 14 வயதுக்குட்பட்டவரை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றது. அதே மூச்சில், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்றும் கதவைத் திறந்துவிட்டது. உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்று யார் பார்ப்பது? தொழிலாளர் துறை ஆய்வாளர் கம்பெனி வாசலோடு திரும்பிவிடுவார். வகுப்பை விட்டுவிட்டு ஆசிரியர் எத்தனை வீட்டுக் கதவைத் தட்ட முடியும்? அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கடன் எவ்வளவு, குடி எவ்வளவு என்று பொறுமையாகக் கேட்டறிய அதற்கென்றே படித்த ஒருவர் வேண்டும். சமூகப் பணியாளர் என்று அவருக்குப் பெயர்.

ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒன்றிய அரசின் வரையறைப்படி அப்படிப்பட்டவர்கள் 2 பேர். திருப்பூர் மாவட்ட மக்கள்தொகையோ 2011 கணக்கெடுப்பிலேயே 24.79 லட்சம். ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் நலிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. அதற்கும் யாராவது வீட்டுக்குப் போய் விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் ஓட்டைகள் நிறைந்ததுதான். என்றாலும் இடைநின்ற பிள்ளையைத் தேடிப் போக அதில் ஆள் இருந்தார்கள். 2021-இல் அதையும் பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் கரைத்துவிட்டார்கள். காலை உணவுத் திட்டத்தை மனதாரப் பாராட்டுகிறோம்; பள்ளிக்கே வராத பிள்ளைக்கு அந்த உப்புமா எப்படிப் போய்ச் சேரும்?

பின்லாந்தில் 670 மாணவருக்கு ஒரு பள்ளிச் சமூகப் பணியாளர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். பணக்கார நாட்டோடு நம்மை ஒப்பிடலாமா என்பார்கள். ஏற்றுமதிக் கணக்கை மேடையில் வாசிக்கும்போது மட்டும் திருப்பூரை உலகத்தோடு ஒப்பிடக் கூச்சப்படாதவர்கள் இவர்கள்!

காசில்லை என்ற சமாதானத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஒவ்வொரு டாஸ்மாக் கடைக்கும் மேற்பார்வையாளரும் விற்பனையாளரும் தவறாமல் இருக்கிறார்கள். குடிக்க வைக்க ஆள் போட்டுவிட்டு, குடித்தவன் வீட்டுப் பிள்ளையை விசாரிக்க ஆள் போடாதது பற்றாக்குறை ஆகாது, குற்றம். அதில் ஆண்ட கட்சிக்கும் ஆளும் கட்சிக்கும் சம பங்கு. குறைந்த கூலிக்குக் கை கிடைத்தால் போதும் என்று வயதைக் கேட்காமல் இருந்த தறி, பனியன் முதலாளிகளுக்கும் பங்குண்டு.

சாமளாபுரம் போன்ற ஒவ்வொரு பேரூராட்சிக்கும் ஒரு சமூகப் பணியாளர் வேண்டும், நிரந்தரப் பணியில். பத்திலிருந்து ஐந்து என்ற அலுவலக நேரம் அவருக்கு ஒத்துவராது. ஒன்றரை ஷிப்ட் முடித்து அம்மா கம்பெனி வேனிலிருந்து இறங்கவே இரவு எட்டரை தாண்டிவிடுகிறது.