காஸ் எண்ணை நம்பாதீர்கள்

காந்தம் வாங்கப் போனால் முதல் பேச்சே காஸ்தான். "இது நாலாயிரம் காஸ் சார், அது அஞ்சாயிரம். அதுதான் பவர்." வாங்குபவரும் கூடுதல் எண்ணுக்குக் கூடுதல் விலை கொடுத்துவிட்டு வருகிறார். பொறியியல் படித்தவர்களும் இதை நம்புவதுதான் எனக்கு ஆறவில்லை. காஸ் என்பது ஓர் இடத்தில் புலம் எவ்வளவு அடர்த்தி என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு எடையை இழுத்துப் பிடிக்கும் என்று சொல்லவே சொல்லாது.

ஒரே தரத்தில் இரண்டு நியோடைமியம் வில்லைகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று 10 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன். மற்றது இரண்டு அளவிலும் அதற்கு இரட்டிப்பு. பரப்பின் நடுவில் காஸ் மீட்டரை வைத்தால் இரண்டுமே 4,500ஐ ஒட்டித்தான் காட்டின. விரல் கனமுள்ள இரும்புப் பாளத்தில் ஒட்டி, ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தேன். சின்னது 2 கிலோவை ஒட்டிக் கழன்றது. பெரியது 8 கிலோ வரை விடவில்லை. காஸ் ஒன்றேதான், பிடி மட்டும் நான்கு மடங்கு. ஒட்டும் பரப்பு நான்கு மடங்கு என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

"சூத்திரம் இருக்கிறதே, போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்பார்கள். இருக்கிறது. புலத்தின் வர்க்கத்தைப் பரப்பால் பெருக்கி, வெற்றிடத்தின் உட்புகுதிறனைப் போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 10,000 காஸ், அதாவது 1 டெஸ்லா இருந்தால், ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 4 கிலோ. பாதிப் புலத்துக்கு 1 கிலோதான். ஆனால் என் சின்ன வில்லைக்கு 4,500ஐப் போட்டால் விடை முக்கால் கிலோவைக்கூட எட்டாது. சூத்திரம் கேட்பது காந்தமும் இரும்பும் சேரும் இடுக்கில் உள்ள புலத்தை. மீட்டர் காட்டியதோ காந்தம் தனியாகக் காற்றில் இருந்தபோது உள்ள புலத்தை. இரும்பு வந்து ஒட்டியதும் புலமே மாறிவிடுகிறது. அந்த இரும்பு மெல்லிய பீரோத் தகடாக இருந்தாலோ, நடுவே பெயிண்ட் இருந்தாலோ பிடி மறுபடி குறையும்.

தள்ளியிருக்கும் இரும்பின் கதை இன்னும் மோசம். அதை இழுக்கப் புலம் இருந்தால் மட்டும் போதாது. இடத்துக்கு இடம் அது மாறவும் வேண்டும். 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் நடுமையத்தில் இரும்பு முறுக்கப்படுமே தவிர எந்தப் பக்கமும் இழுக்கப்படாது. ஆக்சிஜன் சிலிண்டரைப் பறித்து இழுப்பது, புலம் மையத்தைவிடக் குறைந்திருக்கும் எந்திரத்தின் வாய்ப்பகுதிதான். சிறு காந்தத்திலிருந்து விலகிக் கிடக்கும் இரும்புத் துணுக்குக்குத் தூரம் இரட்டித்தால் இழுப்பு 128இல் ஒரு பங்காகிவிடும்.

ரைஸ் மில்களுக்கு 12,000 காஸ் என்று காந்தத் தண்டுகளை விற்பதை நான் எதிர்ப்பது இதனால்தான். அந்த எண் தண்டின் மேல்தோலில், அதுவும் சில வளையங்களில் மட்டும் கிடைப்பது. இரண்டு விரல் தள்ளி அரிசியோடு ஓடும் ஆணித்துண்டுக்கு அதனால் என்ன பயன்? சோற்றில் இரும்பைக் கடிக்கப்போவது ஏதோ ஒரு வீட்டுக் குழந்தை.

சென்ற முறை ஒரு மில்லுக்குப் போனபோது, தண்டுகளைத் தாண்டி வந்து சல்லடையில் கிடந்த போல்ட் துண்டு ஒன்றை மில்காரர் என் உள்ளங்கையில் வைத்தார். பில்லை வாங்கிப் பார்த்தேன். 12,000 காஸ் என்று தடித்த எழுத்தில் இருந்தது. தண்டுக்கும் தண்டுக்கும் எத்தனை செ.மீ. இடைவெளி வேண்டும் என்று ஒரு வரி இல்லை.