எழுவினா எங்கே?

“சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. இன்னும் ஏன் சுரங்கத்தைத் திறக்கலை?” ராபர்ட்சன்பேட்டைக்காரர்கள் இப்படிக் கேட்டால் குறை சொல்ல முடியாது. 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இறங்கித் தங்கம் எடுத்த வயல் அது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அதுபற்றிய வழக்கு பெங்களூர் உயர் நீதிமன்றத்தைத் தாண்டி தில்லிக்குப் போயிற்று. 2013 ஜூலையில் தீர்ப்பும் வந்தது.

ஆனால் சுரங்கத்தைத் திறக்க வேண்டுமா என்பதல்ல அந்த வழக்கு. நிறுவனத்தை உலகளாவிய டெண்டர் மூலம் விற்க முயலும் மத்திய அரசின் முடிவு செல்லுமா என்பதே கேள்வி. செல்லும் என்றது கோர்ட். டெண்டர் விடலாம் என்பது வேறு, வேலை திரும்பி வரும் என்பது வேறு.

திலக் மார்க்கில் உள்ள அந்தக் கட்டடத்துக்கு அனுமதிச் சீட்டுடன் போய் ஒரு நாள் உட்கார்ந்தால் இது புரிந்துவிடும். சினிமாவில் வருவதுபோல் சாட்சிகளைக் கூண்டிலேற்றி மடக்குவதெல்லாம் அங்கே இல்லை. பெரும்பாலும் மேல்முறையீடுகள். கீழ்க் கோர்ட்டுகளில் பதிவானதை வைத்தே வாதம். அரசியல் சட்டத்தின் 136-வது பிரிவின்படி யாரும் சிறப்பு அனுமதி கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதிகளின் விருப்பம். பல மனுக்களின் கதை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. வழக்கமாக அமர்வில் இருப்பவர்கள் இரண்டு அல்லது மூன்று நீதிபதிகள். அரசியல் சட்ட விளக்கம் குறித்த முக்கியக் கேள்வி என்றால் குறைந்தது ஐவர். எந்த அமர்வானாலும், தன் முன் வைக்கப்பட்ட கேள்வியைச் சுற்றியே பேச்சு நடக்கிறது.

அந்தக் கேள்வி என்ன என்பதுதான் ஊர் வந்து சேர்வதற்குள் காணாமல் போகிறது. 348-வது பிரிவின்படி அங்கே மொழி ஆங்கிலம். 2019 முதல் உச்ச நீதிமன்றம் தேர்ந்தெடுத்த தீர்ப்புகளை இந்திய மொழிகளில் வெளியிடத் தொடங்கி, அதில் தமிழும் சேர்ந்தது நல்ல காரியம். (சட்டப்படி செல்லுவது ஆங்கில மூலமே.)

வழக்கில் தீர்க்க வேண்டிய பிரச்சினைக்குச் சட்டத் தமிழில் அருமையான சொல் உண்டு: எழுவினா. தீர்ப்பு கையில் கிடைத்ததும் எல்லோரும் கடைசிப் பக்கத்துக்கு ஓடுகிறோம். முதலில் எழுவினாவைத் தேடுங்கள். சுரங்கம் எப்போது திறக்கும் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் கிடையாது. அதை மத்திய அரசிடம்தான் கேட்க வேண்டும்.