கைவேலை நேரம்: பிரிக்க முடியாத இரட்டை மர வளையங்கள்

ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு மர வளையங்களைக் குழந்தையின் கையில் கொடுத்தால், முதலில் இழுத்துப் பார்க்கும். பிறகு திருப்பித் திருப்பி வெட்டு எங்கே என்று தேடும். கடைசியில், "இது எப்படி உள்ளே போச்சு?" என்று கேட்கும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் தொங்கும் கல் சங்கிலியைப் பார்க்கும் பெரியவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அங்கே சிற்பி கல்லைக் குடைந்து வளையங்களைப் பிரித்தெடுத்தார். மரத்தில் அவ்வளவு பாடு தேவையில்லை. இதற்கான விடை வீட்டுச் சாவிக்கொத்திலேயே இருக்கிறது.

ஏன் வெனீர்?

பலகையில் வட்டம் வரைந்து அறுத்தால் மெல்லிய வளையம் கிடைக்கும். ஆனால், அது நிலைக்காது. மரத்தின் நார் ஒரே திசையில் ஓடுவதால், வளையத்தின் இரண்டு இடங்களில் குறுக்கே வந்துவிடும். கொஞ்சம் அழுத்தினாலும் அங்கேதான் பட்டென்று ஒடியும். காகிதம்போல் மெல்லிய வெனீரை நார் ஓடும் நீளத்தில் பட்டையாக நறுக்கிச் சுற்றினால், நாரும் வளையத்தோடு சேர்ந்து சுற்றி வரும். பலவீனமான இடமே இருக்காது.

சூடும் ஈரமும் சேரும்போது, மர நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகும். காய்ந்ததும் இறுகும். ஜெர்மனியைச் சேர்ந்த மைக்கேல் தோனெட் 1830-களில் வெனீர்ப் பட்டைகளைப் பசையில் கொதிக்கவைத்து வளைத்துதான் தன் நாற்காலிகளைத் தொடங்கினார். 1859-ல் வந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலி, உலகமெங்கும் காபிக் கடைகளில் இடம்பிடித்தது. வீட்டில் செய்வது அதே வேலையின் சின்ன வடிவம்.

தேவையானவை

0.5 மி.மீ. தடிமனுள்ள வெனீர், 4 செ.மீ. விட்டமுள்ள பாட்டில் அல்லது குழாய்த் துண்டு, ஃபெவிகால், ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை, ரப்பர் பேண்டுகள், துணி கிளிப்புகள், 120, 220, 400 எண் உப்புத்தாள், கொஞ்சம் தேன்மெழுகு.

பிளைவுட் கடையில் வெறுமனே 'வெனீர்' என்று கேட்டால், பெரும்பாலும் பிளைவுட்மேல் ஒட்டியதையே எடுத்துக் காட்டுவார்கள். அது வளையாது. எதன்மேலும் ஒட்டாத வெனீர் என்று சொல்லிக் கேட்க வேண்டும். மிச்சத் துண்டுகளே போதும்.

முதல் வளையம்

நாரின் நீளவாக்கில் 8 மி.மீ. அகலம், 55 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டைகள் நறுக்க வேண்டும். நான்கு சுற்றுக்கு இந்த நீளம் சரியாக இருக்கும். பட்டையின் இரு முனைகளையும் உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்துவிட்டால், முடியும் இடத்தில் மேடு தட்டாது.

பட்டைகளை 15 நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, பாட்டிலில் மெதுவாகச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் பசை சரியாகப் பிடிக்காது. காய்ந்தபின் கழற்றினால், பட்டை ஸ்பிரிங் மாதிரி சுருண்டே நிற்கும்.

பாட்டிலின் மேல் பாலிதீன் தாளைச் சுற்றிக்கொண்டு, ஒரு பட்டையை மட்டும் ஃபெவிகால் தடவி இறுக்கிச் சுற்ற வேண்டும். மறுநாள் கழற்றி, உள்ளும் புறமும் 120, 220, 400 என்ற வரிசையில் தேய்த்து மெழுகு பூசினால் முதல் வளையம் தயார்.

கோக்கும் கட்டம்

இரண்டாவதையும் பாட்டிலில் சுற்றி ஒட்டலாம் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. முதல் வளையம் நுழைய வேண்டிய ஓட்டையைப் பாட்டில் அடைத்துக்கொண்டிருக்குமே! இங்கேதான் சாவிக்கொத்து கைகொடுக்கிறது. வளையத்தில் சாவியை எப்படி நுழைக்கிறோம்? முனையில் செருகி, சுற்றுச் சுற்றாக நகர்த்துகிறோம். அதேபோல, சுருண்டு நிற்கும் இரண்டாவது பட்டையின் முனையில் முதல் வளையத்தைச் செருகி, நான்கு சுற்றும் கடக்கும்வரை நகர்த்த வேண்டும். சுருளை அகலமாக விரிக்கக் கூடாது. பக்கவாட்டில் லேசாகப் பிரித்தால் போதும். கீறல் விடுவதுபோலத் தெரிந்தால், மறுபடி நனைத்துக் காயவைத்துத் தொடரலாம்.

பசையைத் தொடும் முன் ஒரு நிமிடம் நிதானிப்பது நல்லது. சுருள் இறுக்கமாக இருக்கிறதா, வட்டம் கோணாமல் இருக்கிறதா, முதல் வளையம் தாராளமாக நகர்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டிய பிறகு ஒன்றைத் திருத்த வேண்டுமானால் இன்னொன்றை உடைக்க வேண்டியிருக்கும்.

முதல் வளையத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, எதிர்ப்பாதியைத் துணி கிளிப்புகளால் இறுக்கி, ஓரங்களில் உடனடிப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அது தானாகவே சுற்றுகளுக்கு இடையில் இறங்கும். இறுகியதும் கிளிப்புகளை எடுத்து, வளையத்தை ஒட்டிய பக்கத்துக்கு நகர்த்தி, மீதிப் பாதியை ஒட்டலாம். பிறகு தேய்த்து மெழுகு பூசினால் வேலை முடிந்தது.

கவனம்

உடனடிப் பசை பெரியவர்கள் மட்டுமே தொட வேண்டிய பொருள். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பசை பருத்தித் துணியிலோ பஞ்சிலோ பட்டால் சட்டென்று சூடேறும், கையைச் சுட்டுவிடலாம். அதனால் பருத்திக் கையுறை கூடாது, சிந்தியதைத் துணியால் துடைக்கவும் கூடாது. தேய்க்கும்போது முகக்கவசம் அவசியம்.

அளந்து நறுக்குவது, பாட்டிலில் சுற்றுவது, தேய்ப்பது எல்லாம் பிள்ளைகள் செய்யலாம்.

மேலை நாடுகளில் ஐந்தாவது திருமண நாளை மரத்துக்கு உரிய நாளாகக் கொண்டாடுவது வழக்கம். அப்பா அம்மாவின் திருமண நாளுக்கு என்ன தருவது என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கு, எத்தனையாவது ஆண்டானாலும் இது பொருந்தும். ஒன்றை உடைக்காமல் இன்னொன்றைப் பிரிக்க முடியாது என்பதைப் பெற்றோருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.