அப்டேட் முடிந்ததும் 48 இலக்கம் கேட்கும் கணினி: சாவி யாரிடம்?

சிம்பாங் அம்பாட் – வழக்கமான அப்டேட்தான். கணினி தானாக அணைந்து மீண்டும் எழும்போது, நேற்று வரை கேட்காத ஒன்றைக் கேட்கிறது. நீலத் திரை, 'பிட்லாக்கர்' என்ற பெயர், 48 இலக்க மீட்புச் சாவிக்கான கட்டம். தினமும் பயன்படுத்தும் கடவுச்சொல்லை அங்கே அடித்துப் பயனில்லை. அது ஏற்பது எண்களை மட்டுமே.

இது பயனரின் தவறு அல்ல. 2024 ஜூலை 9-இல் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் பல கணினிகள் இப்படி நின்றன. மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டு ஆகஸ்ட் 13-இல் சரிசெய்தது. 2025 மே 13 அப்டேட்டிலும் சில விண்டோஸ் 10 கணினிகளுக்கு அதே கதி. ஆறு நாளில் அவசரத் திருத்தம் வந்தது. இடையில் 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் கோளாறு 85 லட்சம் கணினிகளை முடக்கியதும், ஏர்ஏசியா பயணிகள் நீண்ட வரிசையில் நின்றதும் நினைவிருக்கும். அது வேறு நிறுவனத்தின் கோளாறு. ஆனாலும் பூட்டிய கணினிகளைச் சரிசெய்யப் போனவர்களிடம் கேட்கப்பட்டது இதே 48 இலக்கம்தான்.

கணினிக்குள் ஒரு பாதுகாப்புச் சில்லு இருக்கிறது. தொடக்க மென்பொருள் வழக்கம்போல் உள்ளதா என்று ஒவ்வொரு முறையும் அது சரிபார்க்கும். அப்டேட் அங்கே எதையாவது மாற்றினால், யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று கருதிப் பூட்டிவிடும். திருடனுக்காக வைத்த பூட்டு, மாட்டிக்கொள்வது வீட்டுக்காரர்.

சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தானாகவே சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு எது என்பதில்தான் சிக்கல். கணினி வாங்கிய அன்று கடைக்காரரே திறந்து கொடுத்ததாக இருக்கலாம், படிப்பு முடித்துப் போன மகனுடையதாக இருக்கலாம். 2024 இறுதியில் வந்த விண்டோஸ் 11 பதிப்பு முதல், பல புதிய கணினிகளில் இந்தப் பூட்டு கேட்காமலேயே இயங்குகிறது. பூட்டியதை உரிமையாளருக்குத் தெளிவாகச் சொல்லாதது நிறுவனத்தின் குறை என்றே சொல்ல வேண்டும். தொலைந்த சாவியை அவர்களாலும் மீட்டுத் தர முடியாது. கடையில் ஃபார்மட் செய்தால் கணினி பிழைக்கும். கோயில் கணக்கோ கல்யாணப் படமோ திரும்பாது.

இந்தக் குழப்பம் மோசடிக்காரர்களுக்கு வசதி. உண்மையான பிட்லாக்கர் திரை, விண்டோஸ் திறக்கும் முன்பே வரும். இணையம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாய்ந்து வந்து, ஒரு தொலைபேசி எண்ணையும் காட்டிக் கடவுச்சொல் கேட்டால் அது போலி. மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது.

கணினி நன்றாக ஓடும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் சாவியைத் தேடித் தாளில் எழுதி வையுங்கள். அதே கணினிக்குள் சேமிப்பதில் பலனில்லை. போலி அழைப்பை நம்பி ஏற்கெனவே பணம் அனுப்பியவர்கள் தாமதிக்காமல் வங்கியையோ 997 எண்ணையோ அழைக்கலாம்.