பேராசிரியர் பணி: எண்ணியது போதும், படியுங்கள்

பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் தயாரிக்கும் தன்விவரக் குறிப்பு இருபது, முப்பது பக்கங்களுக்கு நீள்வது நம்மூரில் சாதாரணம். பிறந்த தேதி, தந்தை பெயர், பட்டங்கள், மதிப்பெண் சதவீதம் எல்லாம் முதல் பக்கத்தில் வரும். அடுத்து கட்டுரைகளுக்கு வரிசை எண் போட்ட நீண்ட பட்டியல். அதன் பின்னால் கலந்துகொண்ட கருத்தரங்குகள், பயிலரங்குகள், புத்தாக்கப் பயிற்சிகள், கடைசியில் ஒரு கட்டு சான்றிதழ் நகல்கள். அத்தனையையும் புரட்டி முடித்த பிறகும் ஒரு கேள்விக்கு விடை கிடைக்காது: இவர் இத்தனை ஆண்டுகள் உழைத்து, இதுவரை யாரும் அறியாத எதை அறிந்து சொல்லியிருக்கிறார்? இப்படிப்பட்ட குறிப்பை எழுதுவதற்காக விண்ணப்பதாரரைக் குறை சொல்வது நியாயமில்லை. கேட்பவர்கள் எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் அவர் தருகிறார். நம் பல்கலைக்கழகங்கள் கேட்க வேண்டியது பட்டியலை அல்ல. தன் ஆய்வுகளில் தலைசிறந்தவை எவை, அவற்றில் தன் பங்கு என்ன, அவற்றால் துறைக்கு என்ன கிடைத்தது என்று விண்ணப்பதாரரே நாலைந்து பக்கங்களில் விளக்கும் குறிப்பைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் மட்டும் போதாது, அதை உட்கார்ந்து படிக்கவும் வேண்டும்.

எண்ணும் பழக்கம் தானாக வந்துவிடவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2010ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஏ.பி.ஐ. எனப்படும் மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு, கருத்தரங்குக்கு இவ்வளவு என்று ஆசிரியரின் உழைப்பு எண்ணாக மாறியது. 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் அதைப் பல இடங்களில் தளர்த்தின என்றாலும் அட்டவணைகள் போய்விடவில்லை. இணைப் பேராசிரியராக ஏழு கட்டுரைகளும் 75 ஆய்வு மதிப்பெண்ணும், பேராசிரியராகப் பத்துக் கட்டுரைகளும் 120 ஆய்வு மதிப்பெண்ணும் வேண்டும். ஒரு கட்டுரைக்கு அறிவியல், பொறியியல் துறைகளில் 8 மதிப்பெண், மொழி, கலைத் துறைகளில் 10. கட்டுரையை இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். இந்தக் கடைசி விதி எதைத் தூண்டுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மொழித்துறை ஆசிரியர்கள் தனித்தனியே ஆளுக்கொரு கட்டுரை எழுதினால் ஒவ்வொருவருக்கும் 10 மதிப்பெண். அதே கட்டுரைகளில் ஒருவர் பெயரை மற்றவர் சேர்த்துக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் 14. கூடுதலாக ஒரு வரி எழுதப்படவில்லை, ஒரு புதிய செய்தி கண்டறியப்படவில்லை, ஆனால் மதிப்பெண் கூடிவிட்டது. விதியை வகுத்தவர்கள் கூட்டு ஆய்வை ஊக்குவிக்க நினைத்திருக்கலாம். நேர்மையாக இணைந்து உழைத்தவர்களையும் பெயரை மட்டும் பரிமாறிக்கொண்டவர்களையும் இந்த அட்டவணையால் பிரித்தறிய முடியாது.

எண்ணிக்கைக்கு விலை வந்துவிட்டால் அதை விற்கச் சந்தையும் வந்துவிடும். கட்டணம் கட்டினால் சில நாட்களில் கட்டுரையை வெளியிட்டுத் தரும் ஆய்விதழ்கள் பெருகின. காலையில் தொடங்கி மாலையில் முடியும் கருத்தரங்கில், பதிவுக் கட்டணம் செலுத்திய அத்தனை பேரின் கட்டுரைகளும் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு தடித்த தொகுப்பாக அன்றே கைக்கு வருவது தமிழ்நாட்டுக் கல்லூரி வட்டாரத்தில் யாவரும் அறிந்தது. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. ஜான் பொஹானன் என்ற அறிவியல் இதழாளர் வேண்டுமென்றே பிழைகள் நிரப்பிய போலிக் கட்டுரை ஒன்றை 304 ஆய்விதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன என்று 2013இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். இந்தியாவில் மானியக் குழு இதற்குக் கண்ட மருந்து, அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியல். அந்தப் பட்டியலிலிருந்தே 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. பிறகு 2019இல் 'கேர்' என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. ஒரு கட்டுரையின் தரம் அதற்குள் இருக்கிறது. அது வெளிவந்த இதழின் பெயர் இன்று பட்டியலில் இருக்கிறதா, நாளை இருக்காதா என்பதைப் பொறுத்து ஓர் ஆய்வாளரின் தகுதி ஏறி இறங்குமானால், நாம் அளப்பது தகுதியை அல்ல.

தமிழ்த் துறையை எடுத்துக்கொண்டால் இந்த அநீதி இன்னும் தெளிவாகத் தெரியும். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் 1880இல் சீவக சிந்தாமணி ஏடுகளைக் கையில் எடுத்தார். பல ஊர்ச் சுவடிகளைத் தேடி, ஒப்பிட்டு, சமண மரபை அதை அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்து, 1887இல் பதிப்பித்தார். ஏழாண்டு உழைப்பு. 2018 விதிமுறைகளின் அட்டவணையில், இந்தியப் பதிப்பகம் வெளியிடும் நூலின் பதிப்பாசிரியருக்கு 8 மதிப்பெண். மொழித்துறையில் ஒரே ஒரு கட்டுரைக்கு 10. அதாவது சிந்தாமணிப் பதிப்பு ஒரு கட்டுரைக்கும் குறைவானது. பதிப்புப் பணியை மட்டுமே செய்யும் ஒருவர் 120 மதிப்பெண் சேர்க்கப் பதினைந்து சிந்தாமணிகளைப் பதிப்பிக்க வேண்டும். ஏழாண்டுக்கு ஒன்று என்றால் நூறாண்டுக்கு மேலாகும். அவர் காலத்துக்குப் பொருந்தாத அளவுகோல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. சுவடிப் பதிப்பும், அகராதிப் பணியும், வட்டார வழக்குச் சொல் சேகரிப்பும், கல்வெட்டுப் படியெடுப்பும் இன்றைக்கும் தமிழுக்குத் தேவையான வேலைகள். இளம் ஆய்வாளர் ஒருவர் அவற்றில் இறங்கினால் வேலைவாய்ப்பில் பின்தங்குவார் என்பதை அட்டவணையே அவருக்குச் சொல்லிவிடுகிறது. இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் தாக்கக் காரணிக்கு ஏற்ப மதிப்பெண்ணைக் கூட்டும் விதியும் அதே அட்டவணையில் உண்டு. தமிழில் வெளிவரும் ஆய்விதழ்களுக்கு அந்தக் காரணியே கணக்கிடப்படுவதில்லை.

தாக்கக் காரணியைக் கொண்டு தனி ஆய்வாளரை மதிப்பிடக் கூடாது என்று உலக ஆய்வாளர்கள் சேர்ந்து சொல்லிப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. 2012 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய உயிரணுவியல் மாநாட்டில் அந்த எண்ணம் உருவாகி, 2013 மே மாதம் 'டோரா' பிரகடனமாக வெளிவந்தது. கட்டுரை வெளிவந்த இதழின் பெயரை வைத்து அல்லாமல் கட்டுரையில் உள்ளதை வைத்து மதிப்பிடுங்கள் என்பதே அதன் சாரம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2015இல் தங்கள் நிதியுதவி விண்ணப்பத்துக்கான தன்விவரப் படிவத்தை மாற்றின. ஐந்து பங்களிப்புகளுக்கு மிகாமல் சொல்லலாம், ஒவ்வொன்றிலும் சிக்கல் என்ன, கண்டறிந்தது என்ன, தன் பங்கு என்ன என்று விளக்கி, அதற்குச் சான்றாக நான்கு வெளியீடுகள் வரை காட்டலாம், மொத்தம் ஐந்து பக்கங்களுக்கு மேல் போகக் கூடாது என்றது அந்தப் படிவம். லண்டன் ராயல் சொசைட்டி 2019இல் வெளியிட்ட மாதிரிப் படிவம் நான்கே கேள்விகளைக் கேட்டது: அறிவுக்கு என்ன சேர்த்தீர்கள், யாரை வளர்த்தீர்கள், துறைக்கு என்ன செய்தீர்கள், சமூகத்துக்கு என்ன தந்தீர்கள். இரண்டாவது கேள்வியை நம்மூரில் எந்தப் படிவமும் ஆசிரியரைக் கேட்பதில்லை. எத்தனை பேருக்கு முனைவர் பட்ட வழிகாட்டியாக இருந்தீர்கள் என்று கேட்பது வேறு கேள்வி.

இதற்கு எதிராக எழும் வாதங்களில் ஒன்று மிகக் கனமானது. எண்ணிக்கை குறைபாடுள்ளதுதான், ஆனால் அதுவாவது கண்ணுக்குத் தெரிகிறது. அதை எடுத்துவிட்டால் சிபாரிசும் சாதியும் பணமும் அந்த இடத்தில் வந்து உட்காரும் என்கிறார்கள். பல்கலைக்கழக நியமனங்கள் நீதிமன்றப் படியேறிய வரலாற்றை அறிந்த எவரும் இந்த அச்சத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. முதல் தலைமுறையாகப் படித்து வந்த ஒருவருக்கு, தன் மதிப்பெண்ணை யாரும் மறைக்க முடியாது என்ற உறுதி பெரிய ஆறுதல். ஆனால் அந்த உறுதி உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கான 2018ஆம் ஆண்டு அட்டவணையில் முனைவர் பட்டத்துக்கு 30 மதிப்பெண், ஆய்வுக் கட்டுரைகளுக்குக் கட்டுரைக்கு இரண்டு வீதம் அதிகபட்சம் 10 மதிப்பெண் என்று இருக்கிறது. மொத்தம் 100. இந்த நூறும் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டும்தான். இறுதித் தேர்வு நேர்காணலில் காட்டும் திறனை மட்டுமே வைத்து நடக்கும் என்று விதியே சொல்கிறது. மதிப்பெண் அட்டவணை விண்ணப்பதாரரை நேர்காணல் அறையின் வாசல் வரை கொண்டுபோய் விட்டு, அங்கேயே நின்றுவிடுகிறது. உள்ளே ஏன் ஒருவர் எடுக்கப்பட்டார், இன்னொருவர் ஏன் விடப்பட்டார் என்பதற்கு எழுத்தில் காரணம் இருப்பது அரிது. விளக்கமான தன்விவரக் குறிப்பு இருந்தால் குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் அதைப் படித்ததற்கான மதிப்பீட்டை எழுதித் தர வேண்டும் என்று விதி செய்யலாம். தேர்வான பின் அந்தக் குறிப்பையும் மதிப்பீட்டையும் இணையதளத்தில் வெளியிடலாம். தன் ஆய்வைவிடச் சாதாரணமான ஆய்வு தேர்வானால், அதைக் காட்டிக் கேள்வி கேட்க விடப்பட்டவருக்கு ஒரு பிடி கிடைக்கும். எழுதப்பட்ட காரணத்தைத்தான் நீதிமன்றத்திலும் எதிர்த்து வாதிட முடியும். இடஒதுக்கீட்டுக்கோ குறைந்தபட்சத் தகுதிக்கோ இதனால் எந்தக் குந்தகமும் இல்லை. நெட், செட், முனைவர் பட்டம், இனச் சுழற்சி எல்லாம் இப்போது உள்ளபடியே முதலில் பார்க்கப்படட்டும்.

இன்னொரு வாதம், இப்படி எழுதச் சொன்னால் ஆங்கிலத்தில் சரளமாக எழுதத் தெரிந்தவரும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளத் தயங்காதவரும்தான் வெல்வார்கள் என்பது. இது உண்மையான ஆபத்து, பிரிட்டனிலும் இந்தக் குரல் எழுந்தது. ஆனால் இதற்கு வழி உண்டு. சொற்களுக்கு வரம்பு வைக்க வேண்டும். ஒவ்வொரு கூற்றும் கூடவே இணைத்த ஓர் ஆய்வைச் சுட்ட வேண்டும். தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் போன்ற துறைகளில் தமிழில் எழுதும் உரிமை இருக்க வேண்டும். நேர்காணலில் குறிப்பில் விளக்கிய ஆய்வுகளைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும். செயற்கை நுண்ணறிவை வைத்து அலங்காரமாக எழுதிவிடுவார்கள் என்ற கவலைக்கும் இதுவே பதில்: தான் செய்யாத ஆய்வைப் பற்றி அரை மணி நேரம் ஒருவரால் பேச முடியாது. நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வந்தால் யார் படிப்பது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். நேர்காணலுக்கு அழைக்கப்படுகிறவர்களுடையதை மட்டும் படித்தால் போதும். முப்பதாண்டு வேலை பார்க்கப்போகும் ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் படிப்பது அதிகமில்லை.

மானியக் குழு 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு விதிமுறைகளை, துணைவேந்தர் நியமனம் பற்றிய பிரிவுக்காகத் தமிழ்நாடு எதிர்த்தது. சட்டமன்றம் தீர்மானமும் நிறைவேற்றியது. அந்த எதிர்ப்பு சரியானது. ஆனால் அதே வரைவில், மதிப்பெண் முறைக்குப் பதிலாக ஒன்பது வகைக் குறிப்பிடத்தக்க பங்களிப்புகளில் நான்கையாவது காட்ட வேண்டும் என்றும் இருந்தது. இந்திய மொழிகளில் கற்பித்தலும் சமூகப் பணியும் அந்த ஒன்பதில் அடங்கும். திசை நல்லதுதான். அந்த ஒன்பதும் டிக் போடும் கட்டங்களாகிவிட்டால், கட்டுரைப் பட்டியல் இருந்த இடத்தில் காணொளிப் பட்டியலும் முகாம் சான்றிதழ்களும் வந்து சேரும், அவ்வளவே.

விதி மாறும்வரை விண்ணப்பதாரர்கள் காத்திருக்கத் தேவையில்லை. கேட்கப்படும் படிவத்தைக் கேட்டபடி நிரப்புங்கள். அதன் மேல் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை வையுங்கள். முக்கியமான ஐந்து ஆய்வுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வாக்கியங்களில் என்ன கேள்வி, என்ன விடை, கூட்டு ஆய்வானால் அதில் உங்கள் கை எது என்று எழுதுங்கள். வெளிவந்தவை, ஏற்கப்பட்டவை, பரிசீலனையில் உள்ளவை மூன்றையும் கலக்காதீர்கள், அந்தக் கலப்படம் முதல் பார்வையிலேயே நம்பிக்கையைக் கெடுக்கும். பங்கேற்ற பயிலரங்குகளைவிட, நீங்களே வடிவமைத்த ஒரு பாடத்திட்டம் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும். வெளிநாட்டுக்கு அனுப்பும் குறிப்பில் பிறந்த தேதி, புகைப்படம், குடும்ப விவரங்கள் வேண்டாம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அவை பாகுபாட்டுக்கு இடம் தரும் என்று கருதித் தவிர்க்கிறார்கள்.

பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். நேர்காணல் கட்டத்தில் விண்ணப்பதாரரின் கற்பிக்கும் திறனையும் ஆய்வு நாட்டத்தையும் வகுப்பறை உரை, கருத்துரை வழியாகச் சோதிக்க 2018 விதிமுறைகளே அனுமதிக்கின்றன. அந்த இடத்தில் ஐந்து ஆய்வுகளின் விளக்கக் குறிப்பையும் சேர்ப்பதற்கு டெல்லியின் புதிய ஆணை எதுவும் வேண்டியதில்லை. உங்கள் அடுத்த பணியிட விளம்பரத்திலேயே அதைக் கேளுங்கள். கேட்டு வாங்கியதைப் படித்துவிட்டு நேர்காணலுக்கு வாருங்கள்.