இறங்கும் வழிகள்

பறத்தலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் எழுவதையே பேசுகிறோம். இறங்குவதைப் பற்றிப் பேசுவது அரிது. பொழுதுபோக்கு டிரோன்களின் உலகிலும் இதே நிலைதான். எவ்வளவு உயரம் போகும், எவ்வளவு நேரம் பறக்கும், கேமரா எவ்வளவு துல்லியம் என்பவையே விளம்பரங்களாகின்றன. இறங்குதலோ ஒரு பொத்தானாகச் சுருங்கிவிட்டது. அதை அழுத்தினால் கருவி புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, தட்டையான தரையில் காலூன்றி நிற்கும். இவ்வசதியை நாம் குறைசொல்லவில்லை. ஆனால், தட்டையான தரை வாய்க்காத இடத்தில் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு, கம்பியிலும் கிளையிலும் சுவரிலும் வலையிலும் தம் சிறு கருவிகளை இறக்கிப் பார்க்கும் ஆர்வலர்களை வீண்வேலைக்காரர்கள் என்று ஒதுக்கும் போக்கோடு நமக்கு உடன்பாடில்லை. இந்தப் பொழுதுபோக்கின் உயிரே இத்தகைய விசித்திர முயற்சிகளில்தான் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

இறங்குதல் ஏன் கடினம்? நான்கு புரொப்பெல்லர் கொண்ட ஒரு குவாட்காப்டர் நேர்கீழாக விரைந்து இறங்கினால், தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே விழுகிறது. புரொப்பெல்லர்களைச் சுற்றி வளையமாகச் சுழலும் அக்காற்று தூக்குவிசையைக் குலைத்துவிட, கருவி தள்ளாடுகிறது. இதனால்தான் பழகியவர்கள் சற்றே முன்னகர்ந்தபடியோ, வட்டமிட்டபடியோ இறக்குகிறார்கள். தரையை நெருங்கியதும் இதற்கு நேர்மாறான தொல்லை. கீழ்நோக்கிய காற்று தரையில் பட்டு மெத்தைபோல் தாங்கத் தொடங்க, கருவி இறங்க மறுத்து மிதக்கிறது. ஆக, எழுவதற்கு விசை இருந்தால் போதும். இறங்குவதற்கோ எதிரே இருக்கும் உலகைப் பற்றிய அறிவு வேண்டும்.

இவ்வறிவைத் தேடுவதில் பொழுதுபோக்காளர்களுக்கு நீண்ட மரபு உண்டு. ரேடியோக் கட்டுப்பாடு பரவலாகும் முன்பே, கட்டற்றுப் பறக்கும் மாதிரி விமானங்கள் வெப்பக்காற்றில் சிக்கி மேலே மேலே போய்க் காணாமற்போகும் சிக்கல் இருந்தது. அதற்கு ஆர்வலர்கள் கையாண்ட தீர்வு ஒரு திரி! வால் இறக்கையை இழுத்துப் பிடித்திருக்கும் ரப்பர் வளையத்தினூடே மெதுவாக எரியும் திரியைச் செருகிப் பற்றவைத்து விமானத்தை விடுவார்கள். சில நிமிடங்களில் திரி எரிந்து வளையம் அறும். வால் இறக்கை சரேலென மேல்நோக்கி மடியும். விமானம் முன்னோக்கிப் பறப்பதை விட்டு, கிடைமட்டமாகவே மெல்லக் கீழிறங்கும். டீதெர்மலைசர் என்று இதற்குப் பெயர். இறக்கையின் தூக்குவிசையை வேண்டுமென்றே குலைத்து இறங்குவது என்னும் இதே கருத்தின் நெருங்கிய உறவினை, ஆர்வலர்கள் பலர் பயன்படுத்தும் ஆர்டுபைலட் என்ற திறந்தமூல மென்பொருளிலும் காண்கிறோம். நீண்ட ஓடுபாதைக்கு இடமில்லாதபோது விமானத்தைச் செங்குத்தாக விழச்செய்து இறக்கும் முறை அதில் இருக்கிறது.

தேவை எவ்வளவு விசித்திரமோ அவ்வளவு விசித்திரமாகவே விடையும் அமைகிறது. அமெரிக்காவின் இன்சிட்டு நிறுவனம் சூரை மீன் கூட்டங்களைத் தேட, மீன்பிடிப் படகிலிருந்து இயக்கத்தக்க சிறு ஆளில்லா விமானம் ஒன்றை வடிவமைத்தது. படகில் ஓடுபாதை ஏது? அந்தப் பாதையில் வளர்ந்த ஸ்கேன்ஈகிள் விமானம், உயரத்திலிருந்து தொங்கும் கயிற்றின்மீது பறந்து மோதி, இறக்கை நுனிக் கொக்கியால் அதைப் பற்றிக்கொண்டு நின்றுவிடும். அவ்விமானம் பின்னர் போர்க்களத்துக்குப் போனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கண்டுபிடிப்புகளின் விதி அவ்வாறு இருப்பினும், கயிற்றில் இறங்கலாம் என்ற எண்ணத்தின் அழகு குறைந்துவிடுவதில்லை.

ஆய்வுக்கூடங்களும் இப்பாதைக்கு வந்தன. எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ரிக் கோரியும் ரஸ் டெட்ரேக்கும் எளிய ஃபோம் கிளைடர் ஒன்றைப் பறவைபோல் மூக்கை உயர்த்தி, வேகமிழந்து, ஒரு கம்பியில் வந்தமரச் செய்து 2010இல் காட்டினர். 2021இல் ஸ்டான்ஃபோர்டின் ரோடரிக், கட்கோஸ்கி, லென்டிங்க் ஆகியோர் குவாட்காப்டருக்குப் பைரியின் கால்களை ஒத்த கால்களைப் பொருத்தினர். முப்பரிமாண அச்சில் வார்த்த எலும்புகள். தசைகளுக்குப் பதில் மோட்டார்கள். தசைநாண்களுக்குப் பதில் தூண்டில் நரம்பு. கிளையில் பட்டதும் சுமார் 20 மில்லிவினாடியில் விரல்கள் இறுகிக்கொள்ளும்.

இதற்கு முன்னோடியாக அவர்கள் சிறு கிளிகளைக் கவனித்தபோது கண்டது நம் சிந்தனைக்குரியது. மரம், உப்புத்தாள், வழுக்கும் டெஃப்லான் என அமரும் பரப்பு எதுவாயினும், கிளிகள் அணுகும் விதம் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடுகளையெல்லாம் கால்கள் தொட்ட பிறகு சமாளித்துக்கொண்டன. அதாவது, எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிடுவது மட்டுமே வழியன்று. நன்கு பற்றத் தெரிந்த காலும் வேண்டும். மென்பொருளின்மேல் மென்பொருள் அடுக்கும் இன்றைய டிரோன் உற்பத்தியாளர்கள் பெரிதும் கவனிக்காத பாடம் இது. மோட்டாரும் தூண்டில் நரம்பும் அச்சு இயந்திரமும் ஓர் ஆர்வலரின் மேசைக்கும் எட்டாதவை அல்லவே!

‘விபத்து நேர்ந்தால்?’ என்ற கேள்வி நியாயமானது. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் 250 கிராம் கருவி, காற்றுத்தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், ஏறத்தாழ 25 ஜூல் ஆற்றலோடு தரையை மோதும். 2 கிலோ கருவி 196 ஜூலோடு. எடை கூடக்கூடத் தவறின் விலையும் கூடுகிறது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள் 250 கிராம் வரையிலானவற்றை ‘நானோ’ என்று தனியே பிரித்ததன் பொருள் இங்குதான் விளங்குகிறது. விசித்திர இறக்கங்களுக்கு உரிய களம் அந்த எடைதான். உரிய இடம் ஆளற்ற புல்வெளியோ, வலை கட்டிய கூடமோதான். கூட்டத்தின் நடுவே, சுழலும் புரொப்பெல்லர்களோடு வரும் கருவியை வெறுங்கையால் பிடித்துக் காட்டும் சாகசத்தை நாம் பரிசோதனை என்று ஏற்கமாட்டோம். அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. கைதட்டல் மட்டுமே உண்டு.

ஆனால் ஆபத்தைக் காரணம் காட்டி முயற்சியையே மூடிவிடுவது எதிர்விளைவையே தரும். நாளை நம் மொட்டைமாடிகளுக்கும் பால்கனிகளுக்கும் பொருள் கொண்டுவரப்போகும் கருவிகளுக்கு மின்கம்பியும் கொடிக்கயிறும் மாமரக்கிளையும் குறுக்கே வரும். அங்கே எவ்வாறு இறங்குவது, இறங்க முடியாதபோது எவ்வாறு தீங்கின்றி விழுவது என்பதை யாரேனும் முன்பே நூறுமுறை தோற்றுப் பார்த்திருக்க வேண்டும். 250 கிராமில் தோற்பது மலிவானது. அத்தோல்விக்கு ஒரு புல்வெளியை ஒதுக்கித் தருவது, கல்லூரிகளாலும் அறிவியல் மன்றங்களாலும் எளிதில் செய்யக்கூடிய காரியம் என்றே நமக்குத் தோன்றுகிறது.