தட்டைத் தேடினோம், பாட்டியைத் தேடினோமா?



பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்கும் ஆர்வம் நம்மவரிடையே மீண்டும் தலைதூக்கியுள்ளது. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தையில் தட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்கும் தமிழர்களைக் காணலாம். மகிழ்ச்சிதான். ஆயினும் அவர்களிடம் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: தாங்கள் தேடுவது பாட்டையா, தட்டையா?

கொல்லங்குடி கருப்பாயி என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடியைச் சேர்ந்த நாட்டுப்புறப் பாடகி. வானொலியில் பாடிப் புகழ்பெற்றவர். 1985இல் பாண்டியராஜன் இயக்கிய 'ஆண்பாவம்' திரைப்படத்தில் பாட்டியாக நடித்து, இளையராஜாவின் இசையில் தம் குரலிலேயே பாடினார். 1993இல் கலைமாமணி விருது பெற்றார். 2025 ஜூன் மாதம், 99ஆம் அகவையில் மறைந்தார்.

அந்தத் திரைப்படத்தின் இசைத்தட்டைப் படத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் உடனே புரிந்துகொள்வார். இசையமைப்பாளர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், விலை கூடும். பாடிய மூதாட்டியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்; "யார் அவர்?" என்பார். பொருளுக்கு விலை உண்டு. குரலுக்குப் பெயர்கூட இல்லை. இதுவே நம் தேடலின் இலட்சணம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1985க்கும் 2025க்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். அந்த நாற்பது ஆண்டுகளும் அவர் உயிரோடு இருந்தார். முதுமையில் வறுமையில் வாடிய செய்தி நாளிதழ்களிலும் வந்தது. கீறல் விழுந்த தட்டுக்குக் காசைக் கொட்டியவர்களுள் எத்தனை பேர் அந்தத் தொண்டையில் இருந்த பாடல்களைக் கேட்க விரும்பினோம்? தட்டு அரிதாகும்போது போற்றுகிறோம். பாடியவர் இருக்கும்போது மறக்கிறோம்.

"நான் காசு கொடுத்து வாங்கியது, பூட்டி வைப்பது என் உரிமை" என்பர் சிலர். உரிமையை யார் மறுத்தார்? நம் மலேசியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான பின் ஐம்பது ஆண்டுகள் காப்புரிமை உண்டு. நகலெடுத்துப் பரப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. சுழல்மேசையோடு ஒருநாள் காலையில் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்கு வாருங்கள் என்றே கேட்கிறேன். நம் ஊர் வெப்பத்தில் தட்டு வளையும். ஈரப்பதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பிள்ளைகள் காதில் விழுந்த பாட்டுக்கு அந்தக் கேடு இல்லை.

"எல்லாம்தான் யூடியூப்பில் இருக்கிறதே" என்பர் வேறு சிலர். இருப்பது என்ன? ஒலிப்பதிவுக் கூடம் வரை செல்ல வாய்த்த ஒரு சிலரின் குரல் மட்டுமே. அதுவும் தட்டின் அளவுக்கு வெட்டப்பட்டது. நீள்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ இருபது நிமிடங்களே அடங்கும். திரைப்பாடலுக்கோ நான்கைந்து நிமிடம். நடவுப் பாட்டு வயல் முடியும்வரை நீளும். தாலாட்டு பிள்ளை உறங்கும்வரை நீளும். அவற்றை எந்தத் தட்டு தாங்கும்?

நம் தோட்டப்புறங்களிலும் பாடல்கள் இருந்தன. பால்மரக் காட்டிலும் லயத்து வாசலிலும் கங்காணியையும் துரையையும் கேலி செய்து பாடினார்கள் நம் பாட்டிமார். அவற்றுள் சில நூல்களில் சொற்களாக அச்சேறின. மெட்டை அச்சிட முடியுமா? ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் தாலாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி என வகை பிரித்து மனப்பாடம் செய்தோம், தேர்வும் எழுதினோம். ஒன்றையேனும் பாடக் கேட்டோமா? இல்லை. இன்று அதே பட்டியலை வெண்பலகையில் எழுதிப் போடுகிறோம். பாட்டைக் கேட்காமல் பாட்டைக் கற்பிப்பது, சமைக்காத சோற்றைப் பரிமாறுவதற்கு ஒப்பாகும்.

1960களில் பால்மரம் வெட்டிய பெண்களுள் பலர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பர். அவர்களுள் சிலர், உங்கள் மாணவர்களின் கொள்ளுப்பாட்டியர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின் அடுக்குமாடி வீடுகளில் வாய்மூடி அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைத் தேட எந்தச் சந்தைக்கும் போக வேண்டியதில்லை.

பெற்றோர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் கைத்தொலைபேசியை அவர்கள் முன் வையுங்கள், பாடச் சொல்லுங்கள். பெயர், ஊர், தோட்டம், பதிவு செய்த நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஆசிரியர்களே, இதனையே மாணவர்க்கு வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். பாடியவரின் ஒப்புதலோடு பள்ளி நூல்நிலையத்தில் அவற்றைச் சேர்த்து வையுங்கள். அவர் பெயரைப் பாடலின் பெயருக்கு மேலே எழுதுங்கள்.

தட்டைத் தேடுவோர் தாராளமாகத் தேடட்டும். ஆனால் நாற்பது ஆண்டுகள் கழித்து நம் பேரப்பிள்ளைகள் சந்தையில் தேடினாலும் கிடைக்காத குரல்கள் இன்று நம் வீட்டுக் கூடத்தில் இருக்கின்றன. அவை அடங்கிய பின் விலை பேசிப் பயனில்லை.

சிந்திப்போம், இன்றே செயல்படுவோம்!